ஃபோர்க் ஸ்பிரிங்குக்கு 3000 ரூபாய் கொடுக்கலாமா?

4 மார்ச் 2023, மாலை 6:40 – கேள்வி

150 சிசி வண்டி, 2014 மாடல், 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குழியில் முன்சக்கரம் இறங்கினால் ‘டொக்’ என்று ஒரு அடி. பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது. பட்டறையில் காட்டினேன். “ஸ்பிரிங் செத்துப்போச்சு தம்பி, கெட்டி ஸ்பிரிங்கா மாத்திரலாம், ரெண்டு பக்கமும் சேர்த்து மூவாயிரம் ஆகும்” என்கிறார். என் எடை 61 கிலோ. மாற்றலாமா அண்ணா? அதற்கு மேல் என்னால் முடியாது.

4 மார்ச், இரவு 9:15 – பதில்

மாற்றாதே. அதாவது, இன்றைக்கு மாற்றாதே.

எலக்ட்ரிகல் கடையில் கேபிள் டை கிடைக்கும், ஒன்று ஒரு ரூபாய் வரும். அதை ஃபோர்க் பைப்பில் (ஃபோர்க் என்றால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் கால்), ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் சீலுக்குச் சற்று மேலே, விரலால் தள்ளினால் நழுவும் அளவுக்கு மட்டும் இறுக்கிக் கட்டு. வாலை நறுக்கிவிடு. பிறகு தினமும் போகிற வழியிலேயே போய் வா. ஃபோர்க் அமுங்கும்போது சீல் அந்த டையை மேலே தள்ளிக்கொண்டு போகும். திரும்ப நீளும்போது டை அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு அமுங்கியது என்று காட்டிக்கொடுத்துவிடும். அடிவரை போய் முட்டுகிறதா இல்லையா என்றே தெரியாமல் ஸ்பிரிங் மாற்றுவது, கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் காய்ச்சல் ஊசி போடுவது மாதிரி.

பட்டறைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. முன்னால் சத்தம் வந்தால் ஸ்பிரிங், பின்னால் வந்தால் செயின் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள்.

4 மார்ச், இரவு 9:32

விட்டுப்போனது: ஃபோர்க்குக்கு ரப்பர் உறை இருந்தால் மேலே சுருட்டிவிட்டுக் கட்டு. டயர் காற்றையும் பார். முன்டயரில் 35 அடித்துக்கொண்டு ‘ஷாக் கட்டை மாதிரி இருக்கிறது’ என்று ஆறு மாதம் புலம்பியவன் நான்தான், 2016-ல்.

5 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. டை இருக்கும் தூரத்தை வண்டி தரையில் நிற்கும்போது அளந்தால் குறைத்துக் காட்டும். வண்டியின் சொந்த எடையிலேயே ஃபோர்க் கொஞ்சம் இறங்கித்தானே நிற்கிறது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சீட்டை ஒருவரை அமுக்கச் சொல்லி, முன்சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு, சீல் உதட்டிலிருந்து டை வரை அள. அதுதான் பயன்பட்ட பயணம். மொத்தப் பயணம் எத்தனை மி.மீ. என்பது வண்டியின் விவரப் பட்டியலில் இருக்கும்.

8 மார்ச்

தம்பி தகவல் அனுப்பியிருக்கிறான். நான்கு நாள் ஓட்டியதில், இரண்டு பெரிய குழி, ஒரு பெயின்ட் அடிக்காத வேகத்தடை எல்லாம் சேர்த்து, டைக்கும் முட்டும் இடத்துக்கும் நடுவில் 28 மி.மீ. மிச்சம்.

ஃபோர்க் முட்டவே இல்லை. முட்டாத ஸ்பிரிங்கை மாற்றினால் சத்தம் எப்படிப் போகும்?

அந்த ‘டொக்’ கோன்செட்டாக, அதாவது ஹேண்டில்பார் திரும்பும் தண்டில் உள்ள பேரிங்காக, இருக்கும் என்பது என் ஊகம். முன்சக்கரம் தொங்கும்போதே ஃபோர்க் கால்கள் இரண்டையும் அடியில் பிடித்து, உன்னை நோக்கி இழு, தள்ளு. கையில் சின்ன ‘டக்’ தெரிந்தால் கோன்செட் தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரை மெதுவாக இடம் வலம் திருப்பு. நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்று நின்று போனால், குண்டுகள் தடம் பதித்துவிட்டன, இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

11 மார்ச்

கோன்செட்தான். புதிது போட்டுக் கூலியோடு 650. சத்தம் போயிற்று. கூடவே ஃபோர்க் ஆயிலையும் மாற்றச் சொன்னேன். ஒன்பது வருட ஆயில். புளிக்கரைசல் நிறத்தில், மீன் கழுவிய தண்ணீர் வாடையோடு வந்ததாம். மூக்கு குத்துவது பாதி குறைந்துவிட்டது என்கிறான்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். எடையைத் தாங்குவது ஆயிலின் வேலை இல்லை, ஸ்பிரிங்கின் வேலை. எவ்வளவு சீக்கிரம் இறங்குவது, எவ்வளவு சீக்கிரம் ஏறுவது என்பதைத்தான் ஆயில் பார்த்துக்கொள்ளும். புது ஆயிலில் ஃபோர்க் அதே அளவுதான் இறங்கும், சட்டென்று இறங்காமல் நிதானமாக இறங்கும். பயந்து போகாத அளவுக்கு நிதானம் இருந்தால் போதும்தானே.

கேள்வி முடிந்தது. சங்கடம் என்னவென்றால், ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு என் வண்டியிலும் ஒரு டை கட்டிப் பார்த்தேன்.

12 மார்ச்

என் வண்டி 2012 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. முன்னால் 35 மி.மீ. ஃபோர்க், 130 மி.மீ. பயணம். பின்னால் இரட்டை ஷாக், 80 மி.மீ., ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்ற ஐந்து படி. வண்டி 187 கிலோ. மேலே உட்காரும் நான் 94. கல்யாணத்தன்று 71.

உக்கடத்தில் ஏறி பேரூர் போய்த் திரும்பினேன். டை 129-ல் நின்றது. ஒரு மி.மீ. மிச்சம் என்று பெருமைப்பட முடியாது, அது முட்டியதன் அடையாளம்தான்.

சரி, ஸேக் அளந்து பார்த்துவிடலாம் என்று மச்சானைக் கூப்பிட்டேன். ஸேக் என்றால், தொங்கும்போது இருக்கும் நீளத்திலிருந்து எடை ஏறியதும் ஃபோர்க் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்பது. இரண்டு எண் வேண்டும்: வண்டி மட்டும் நிற்கும்போது ஒன்று, நாம் ஏறி உட்கார்ந்த பிறகு ஒன்று. ஒரே தடவை அளந்து முடிவுகட்டக்கூடாது. சீலின் பிடிப்பு ஏமாற்றும். முன்பக்கத்தைக் கையால் தூக்கி மெதுவாக விட்டு ஒருமுறை, அமுக்கி மெதுவாக விட்டு ஒருமுறை அளந்து, இரண்டுக்கும் நடு எண்ணை எடுக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் வருகிறதோ அவ்வளவு பிடிப்பு.

மச்சான் ஸ்கேலோடு குனிந்திருக்க, நான் மேலே ஆடாமல் அசையாமல், கால் இரண்டையும் ஃபுட்ரெஸ்டில் வைத்துக்கொண்டு, சுவரில் ஒரு விரல் மட்டும் ஊன்றி. எதிர்வீட்டு அம்மா “வண்டி ஓடலீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வண்டி மட்டும்: 27 மி.மீ. நான் ஏறினால்: 53 மி.மீ.

மொத்தப் பயணத்தில் 30 முதல் 35 சதவீதம் வரை ஓட்டுபவரோடு இறங்கலாம் என்பது சாலை வண்டிக்குப் பொதுவான கணக்கு. 130-க்கு 39 முதல் 45 வரை. நான் 53-ல் உட்கார்ந்திருக்கிறேன், 41 சதவீதம் சாப்பிட்டுவிட்டுத்தான் குழியையே பார்க்கிறேன்.

19 மார்ச்

வேலை முடிந்தது, செலவு 40 ரூபாய். ஃபோர்க் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் தலைமேல் 15 மி.மீ. நீளத்துக்கு பிவிசி பைப் துண்டு ஒவ்வொன்று. சிலர் இதற்குப் பழைய ஐந்து ரூபாய்க் காசை அடுக்குவார்கள், ‘ஷாக்குக்கு மொய் வைப்பது’ என்று எங்கள் பக்கம் கேலி. பைப் துண்டு மலிவு.

மூடியைத் திறக்கும்போது கவனம். கடைசி மரையில் ஸ்பிரிங் தள்ளும். வண்டியின் முன்பாரத்தைத் தூக்கி நிறுத்தாமல் திறந்தால் மூடி நெற்றிக்கு வரும். அப்புறம் வண்டி மூக்குப்பட விழும்.

ஸேக் 53-லிருந்து 39. அச்சு அசல் 30 சதவீதம். மூவாயிரம் என்கிறார்கள், நாற்பது ரூபாயில் முடித்தாயிற்று. யாராவது ஸ்பிரிங் மாற்ற வேண்டும் என்றால் இந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.

20 மார்ச்

புதுப்பேட்டைப் பக்கம் கடை வைத்திருப்பதாகச் சொல்லும் ஒருவர் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்: “செங்கல் வைத்தால் கட்டில் உயரும், மெத்தை கெட்டியாகாது.”

ஐயா, 53 எப்படி 39 ஆனது? எண் பொய் சொல்லுமா?

26 மார்ச்

எண் பொய் சொல்லவில்லை. நான்தான் பாதியை மட்டும் படித்திருக்கிறேன். 19-ஆம் தேதிக் குறிப்பை யாருக்கும் காட்ட வேண்டாம்.

ஒரு வாரமாக வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அடியில் முட்டும் சத்தம் இல்லை, அது மந்தமாக வரும். இது சக்கரம் காற்றில் தொங்கும் கணத்தில் வருகிறது. ஃபோர்க் முழுக்க நீண்டு மேல்முட்டில் இடிக்கிறது. மச்சானை மறுபடி கூப்பிட்டு வண்டியை மட்டும் அளந்தேன்: 12 மி.மீ. முன்பு 27 இருந்தது. பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கி மண்ணைத் தொடர வேண்டும், அதற்கு இடம் வேண்டும். 15-க்குக் கீழே போனால் சக்கரம் தரையைத் தொடர்வதற்குப் பதிலாகத் தொங்குகிறது.

டையும் இன்னும் 127-ல் வந்து நிற்கிறது. கிட்டத்தட்ட முட்டுதான்.

புதுப்பேட்டைக்காரர் சொன்னது முழுக்கச் சரி. பைப் துண்டு செய்வது ஒன்றே ஒன்று: ஸ்பிரிங்கை முன்கூட்டியே 15 மி.மீ. அமுக்கி வைக்கிறது. அதனால் வண்டி உயர்ந்து நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு மி.மீ.க்கும் எத்தனை கிலோ தாங்கும் என்கிற ஸ்பிரிங்கின் குணம் அப்படியே இருக்கிறது. ஓட்டுபவரோடு உள்ள எண்ணைச் சரிசெய்தவுடன், வண்டி மட்டும் உள்ள எண் கெட்டுப்போனால், அந்த ஆளுக்கு அந்த ஸ்பிரிங் மெலிசு. இந்த இரண்டாவது எண்ணை அளக்காமல் விட்டதுதான் என் தப்பு. 12 மார்ச்சில் ‘இரண்டு எண் வேண்டும்’ என்று எழுதியவனும் நானே.

27 மார்ச்

அந்தத் தம்பி கேட்கிறான்: “அப்போ உங்களுக்குத்தான் ஸ்பிரிங் மாத்தணுமா அண்ணா?”

ஆமாம். சிரித்து முடித்துவிட்டு வேலையைப் பார்.

2 ஏப்ரல்

மாற்றுவது என்றால் எந்த ஸ்பிரிங்? இப்போது இருப்பது எவ்வளவு கெட்டி என்று தெரியாமல் கடையில் போய் ‘கெட்டியா ஒண்ணு கொடுங்க’ என்றால், கொடுப்பதை வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான்.

கணபதியில் தெரிந்த லேத்துப் பட்டறை. ஞாயிறு மதியம் ஆளில்லாத நேரம் பார்த்து, வீட்டிலிருந்து எடை பார்க்கும் தராசு, கண்ணாடி மேல்தட்டு உள்ளது, எடுத்துப் போனேன். திட்டம் எளிது: டிரில்லிங் மெஷின் மேஜைமேல் தராசு, அதன்மேல் ஸ்பிரிங், மேலிருந்து மெஷினின் சக்கால் (டிரில் பிட்டைக் கவ்வும் பகுதி) அமுக்குவது, 50 மி.மீ. இறங்கியதும் எத்தனை கிலோ என்று படிப்பது.

முதல் முறை ஸ்பிரிங் நடுவில் வளைந்து, வாழைமட்டை மாதிரி துள்ளி, கிரைண்டர் மேல் போய் விழுந்தது. நீளமான ஸ்பிரிங்கை வெறுமனே அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும், அது ஃபோர்க் பைப்புக்குள் இருப்பதால்தான் நேராக நிற்கிறது. இரண்டாம் முறை உள்ளே ஒரு கம்பி கொடுத்தோம். அமுக்கினோம். 20 கிலோ, 25 கிலோ, தராசின் கண்ணாடியில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு ஓடியது. ஸ்பிரிங்கின் வட்டம் அகலமாக உட்காரும் என்று நினைத்தேன், ஸ்பிரிங் கம்பியின் முனை ஒரு புள்ளியில் குத்தியிருக்கிறது. அடியில் 6 மி.மீ. இரும்புத்தட்டு வைத்த பிறகு, விரிசல் விட்ட தராசிலேயே மூன்று முறை எடுத்தோம்: 50 மி.மீ.க்கு 31 கிலோ. ஒரு மி.மீ.க்கு 0.62 கிலோ. மற்றொரு ஸ்பிரிங்கும் ஒட்டியே வந்தது, அதாவது பதினோரு வருடமாகியும் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. செத்தெல்லாம் போகவில்லை.

தராசு விஷயம் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

3 ஏப்ரல்

கணக்கு போட்டேன். வண்டி மட்டும் 27, நானும் சேர்ந்தால் 53, ஸ்பிரிங் 0.62. ஆக நான் ஏறினால் ஒவ்வொரு காலுக்கும் 16 கிலோ கூடுகிறது. இரண்டு எண்ணும் வரம்புக்குள் வர, 0.70-ஐத் தாண்டிய ஸ்பிரிங் வேண்டும்.

வழி மூன்று. வெளிநாட்டு ஸ்பிரிங் வரவழைப்பது, அந்தப் பணத்துக்கு இரண்டு புது டயர் வாங்கலாம், விட்டுவிட்டேன். வேறு வண்டியின் ஸ்பிரிங்கைத் தேடுவது. இருப்பதையே வெட்டுவது.

இரண்டாவதை முயன்றேன். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஒரு சாயங்காலம் முழுக்க. கடைக்காரர் ஸ்பிரிங்கைக் கையால் அமுக்கிப் பார்த்து “இது செம கெட்டிங்க” என்பார். கையில் ஒன்றும் தெரியாது. வெர்னியரில் கம்பித் தடிமனைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை கம்பித் தடிமனின் நான்காம் மடிக்கேற்ப ஏறும். 4.0 மி.மீ. கம்பிக்குப் பதில் 4.2 என்றால், சுற்றும் அகலமும் அதுவேயானால், சுமார் 22 சதவீதம் கெட்டி. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் அது. எதிர்ப்பக்கம் சுருளின் அகலம்: அது மூன்றாம் மடிக்கேற்பக் குறைக்கும். சுற்று எண்ணிக்கை எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு குறைக்கும்.

300 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கி வந்தேன். கம்பி சரி, நீளம் சரி. வெளி அகலம் அரை மி.மீ. கூடுதல், பைப்புக்குள் இறங்கவில்லை. திருப்பி எடுக்கமாட்டார்கள்.

9 ஏப்ரல்

வெட்டினேன்.

‘ஸ்பிரிங்கை வெட்டினால் வண்டி தாழ்ந்துபோகும், மெத்தென்று ஆகும்’ என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தாழ்வது உண்மை, அதைப் பைப் துண்டால் ஈடுகட்டிவிடலாம். மெத்தென்று ஆகாது, நேர்மாறு. கம்பியின் நீளம் குறையக் குறைய அது முறுக்கிக்கொடுக்கும் இடமும் குறைகிறது. என் ஸ்பிரிங்கில் அசையும் சுற்று 44. ஆறை எடுத்தால் 38. 44-ஐ 38-ஆல் வகுத்தால் 1.158. 0.62 என்பது 0.72 ஆகிவிடும்.

மூன்று விஷயம் பார்த்தேன். முதலாவது, மிச்சமுள்ள சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்குள் ஃபோர்க்கின் முழுப் பயணமும் முடிய வேண்டும்: 130-உடன் முன்அமுக்கம் 25 சேர்த்து 155 மி.மீ. அமுங்கினாலும் இடைவெளி மிஞ்ச வேண்டும். எனக்கு ஐம்பது மி.மீ.க்கு மேல் மிஞ்சுகிறது. இரண்டாவது, சுற்றுகள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருந்தால் நெருக்கமான முனையில்தான் வெட்ட வேண்டும், அந்தச் சுற்றுகள்தான் முதலில் ஒட்டி உட்காருபவை. மூன்றாவது சூடு. கேஸ் வைத்து வெட்டினால் கம்பியின் பதம் போய்விடும். ஒரு மி.மீ. கட்டிங் வீல், ஈரத்துணி சுற்றிய ஸ்பிரிங், பக்கத்தில் வாளித் தண்ணீர். இரண்டு வினாடி வெட்டு, முக்கு. மறுபடி இரண்டு வினாடி. வெட்டிய முனை வெள்ளையாகவே இருக்க வேண்டும், நீலம் பாய்ந்தால் அதிகம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியில் முனையைத் தட்டையாகத் தேய்த்தோம்.

பட்டறைக்காரர் முனையைக் காய்ச்சி வளைத்துப் படியவைக்கலாம் என்றார். கெஞ்சி நிறுத்தினேன்.

விரிசல் தராசில் மறுபடி: 50 மி.மீ.க்கு 36 கிலோ. கணக்கு சொன்னது அப்படியே. லேத்துக்காரர் 200 ரூபாயும் இரண்டு டீயும் வாங்கிக்கொண்டார்.

வெட்டிய நீளத்துக்கு 57 மி.மீ. பிவிசி. வண்டி மட்டும்: 19. நானும் ஏறினால்: 42. இரண்டும் வரம்புக்குள்.

14 ஏப்ரல்

புத்தாண்டு. வால்பாறை. ஆழியாறில் தொடங்கி 40 கொண்டை ஊசி வளைவு, இதைவிடச் சோதனைக்களம் எங்கே கிடைக்கும்?

முதல் நான்கைந்து வளைவு சொர்க்கம். வளைவுக்கு முன் பிரேக் பிடித்தால் மூக்கு இறங்குவது பாதிதான். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ, நிறுத்தி டையைப் பார்த்தேன்: 104. வரையாடு இரண்டு சுவர்மேல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. எண்ணைச் சொல்லியிருப்பேன், பக்கத்தில் ஆள் இருந்தார்கள்.

இறங்கும்போதுதான் தெரிந்தது. ஒட்டுப்போட்ட தார்மேல் தொடர்ந்து மேடு வந்தால் முன்பக்கம் குதிக்கிறது. ஒரு மேட்டில் அமுங்கி, திரும்ப வரும்போது வேகமாக எழும்பி, அடுத்த மேட்டை அந்தரத்திலிருந்து சந்திக்கிறது. ஸ்பிரிங் கெட்டியாகிவிட்டது, திரும்பி வருவதைப் பிடித்து நிறுத்த வேண்டிய ஆயில் பழைய ஸ்பிரிங்குக்கான ஆயில். ஒரு தோழர் முன்பே எழுதியிருந்தார், ‘ஸ்பிரிங் தனியாக வராது, ஆயிலையும் கூட்டிக்கொண்டுதான் வரும்’ என்று. படித்தேன், கடந்து போய்விட்டேன்.

16 ஏப்ரல்

ஆயில் பற்றி நம்மூர் மரபு: இஞ்சினில் மிச்சமான 20டபிள்யூ40-ஐ ஃபோர்க்கில் ஊற்றுவது. நானும் 2018-ல் ஊற்றியிருக்கிறேன். ஃபோர்க் ஆயில் டப்பாவில் உள்ள 20-உம் இஞ்சின் ஆயில் டப்பாவில் உள்ள 20-உம் வேறு வேறு அளவுகோல். நம் வெயிலில், 40 டிகிரியில், அந்த இஞ்சின் ஆயில் 10 நம்பர் ஃபோர்க் ஆயிலைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமன். மெதுவாகப் போகும்போது பட்டு மாதிரி இருக்கும். குழியில் விழுந்தால் மணிக்கட்டில் தெரியும்.

காரணம் உள்ளே இருக்கும் அமைப்பு. இந்த வகை ஃபோர்க்கில் ஆயில் சின்னத் துளைகள் வழியே பிதுங்கிப் போகிறது, வேகத்துக்கேற்பத் திறந்துகொடுக்கும் வால்வு கிடையாது. துளைவழி போகும் ஆயிலில் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. மேடு மெதுவாக வந்தால் தடை போதவில்லை, குழி சட்டென்று வந்தால் தடை சுவர் மாதிரி. தடித்த ஆயில் முதலாவதைத் தீர்த்து இரண்டாவதைக் கெடுக்கும். பட்ஜெட் ஃபோர்க்கின் தலையெழுத்து இது, நடுவில் எங்கேயாவது நின்றுகொள்ள வேண்டியதுதான்.

10 நம்பர் ஒரு டப்பா, 20 நம்பர் ஒரு டப்பா, 700 ரூபாய். பாதிக்குப் பாதி கலந்தேன், சுமாராக 15 ஆகும். கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் மாறும் என்பதால் இரண்டையும் ஒரே கம்பெனியில் வாங்கினேன்.

23 ஏப்ரல்

குதிப்பு நின்றது. ஆனால் இடது சீல் ஓரம் ஈரம். பிரித்தேன். ஒரு வாரம்கூட ஆகாத ஆயிலில் தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளைச் சுருள்கள் மிதக்கின்றன.

பிவிசி. வெட்டிய முனையை நேராகப் பைப் துண்டின்மேல் உட்காரவைத்திருக்கிறேன். ஸ்பிரிங் அமுங்கும்போது கொஞ்சம் சுழலும், முனை உளி மாதிரி பைப்பைச் சீவிக்கொண்டே இருந்திருக்கிறது. நடுவில் ஒரு இரும்பு வாஷர் போட்டிருந்தால் இது இல்லை. ஒரு வாஷர் நான்கு ரூபாய். தராசுக் கண்ணாடியை உடைத்த அதே முனை, மூன்று வாரத்தில் அதே பாடம், நான்தான் கேட்கவில்லை.

சீல் ஜோடி 280, புது ஆயில் 360. கழுவி, ஊதி, வாஷர் போட்டு மூடினேன். ஆயில் அளவை இந்த முறை மில்லியில் அளக்கவில்லை, உயரத்தில் பார்த்தேன்: ஸ்பிரிங் வெளியே, ஃபோர்க் முழுக்க அமுங்கிய நிலை, பைப் உதட்டிலிருந்து ஆயில் மட்டம் வரை ஸ்கேல். மெடிக்கல் ஷாப் சிரிஞ்சில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி உறிஞ்சி இரண்டு பக்கமும் சமமாக்கினேன். மட்டத்தை ஏற்றினால் மேலே அடைபட்ட காற்று இன்னொரு ஸ்பிரிங் மாதிரி வேலைசெய்யும், கடைசி 30 மி.மீ.யில் நன்றாகத் தெரியும். ஆசைப்பட்டு அதிகம் ஏற்றினால் சீல் பிதுங்கும்.

இன்னொன்று. சக்கரம் மாட்டியதும் ஆக்சில் பிடிப்பு நட்டை இறுக்குவதற்கு முன் முன்பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை ஏழெட்டு முறை அமுக்க வேண்டும். இரண்டு காலும் தங்களுக்குள் நேராகிக்கொள்ளும். அதற்குப் பிறகு இறுக்கு. இதைச் செய்யாமல் இறுக்கியதால்தான் 12 மார்ச்சில் எனக்குத் தூக்கிவிட்டு எடுத்த அளவுக்கும் அமுக்கிவிட்டு எடுத்த அளவுக்கும் 11 மி.மீ. வித்தியாசம் வந்திருக்கிறது. இப்போது 5.

7 மே

பின்னால் உட்காருபவரின் கருத்து: “முன்னாடி என்னமோ பண்ணியிருக்கீங்க, என் இடுப்புக்கு ஒண்ணும் பண்ணலை.”

நியாயம். பின்ஷாக்கைப் பதினோரு வருடத்தில் தொட்டதாக நினைவே இல்லை. படி மாற்றும் வளையம் துருப்பிடித்து ஒட்டியிருந்தது, ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சி ஸ்பேனரில் அசைத்தேன். யாரோ எப்போதோ ஐந்தாம் படியில் வைத்து மறந்திருக்கிறார்கள். நான்தான் அது, வேறு யார்.

80 மி.மீ.க்கு 24 முதல் 28. நான் தனியாக, இரண்டாம் படியில்: 27. இரண்டு பேரும், நான்காம் படியில்: 31, கொஞ்சம் கூடுதல்தான். ஸ்பிரிங் வாங்கத் தேவையில்லை, திருப்பத்தான் சோம்பல். ஆளில்லாத நேரத்தில் அளப்பதற்கு 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டைப் பின்சீட்டில் கட்டிப் பார்த்தேன். சிப்பம் இரண்டு 50 கிலோ. இதை ஏன் ‘உண்மையான’ எடையாக வைத்துக்கொண்டேன் என்று கேட்கப்பட்டது. பதில் சொல்லவில்லை.

பின்ஷாக்கைப் பிரித்து ஆயில் ஊற்றித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் கவனம். கேஸ் நிரப்பிய ஷாக்கில் அழுத்தம் இருக்கும், துளை போடுகிற விஷயம் இல்லை அது. செத்துவிட்டால் புதிது, அவ்வளவுதான்.

18 ஜூன்

கணக்கு கேட்டிருக்கிறார்கள். கேபிள் டை பாக்கெட் 30, பைப் 40, உக்கடம் ஸ்பிரிங் 300 (இப்போது கதவுக்குப் பின்னால் நிற்கிறது), லேத்து 200, ஆயில் 700, மறுபடி ஆயில் 360, சீல் 280. மொத்தம் 1910. இதில் மூளையோடு செய்திருந்தால் தேவைப்பட்டது 970.

18 ஜூன், இரவு

புதுத் தராசு 1100-ஐயும் சேர்க்கச் சொல்லி வீட்டில் உத்தரவு. 3010.

தம்பி, சிரிக்காதே.

21 ஜனவரி 2024

இடது சீலில் மறுபடி ஈரம். மாற்றுவதற்கு முன் ஒரு பைசா செலவில்லாத வழி: சீல் உதட்டுக்குள் மண் துகள் சிக்கியிருந்தாலும் ஒழுகும். தூசி சீலை மேலே நெம்பிவிட்டு, பழைய ஃபிலிம் நெகட்டிவில் ஒரு துண்டு வெட்டி, உதட்டுக்குள் செருகி, பைப்பைச் சுற்றி ஒரு வட்டம் இழுத்தால் மண் வெளியே வந்துவிடும். எனக்கு வந்தது, கருப்பாக, கண்மை மாதிரி. நான்கு நாளாகக் காய்ந்திருக்கிறது.

நெகட்டிவ் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கல்யாண ஆல்பத்தின் பின்பக்க உறையில் இருந்தது. யார் யார் இருக்கிறார்கள் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நான் மட்டும் தனியாக நிற்கும் படமாகப் பார்த்து வெட்டினேன். 71 கிலோ ஆள் ஒருவழியாக ஃபோர்க்குக்கு உதவினார்.